முதலில் குளம்பு, பிறகு நடை

(ஒஹாயோவில் ஒரு பொது நூலக அரங்கில், கால்நடை மருத்துவர் ஒருவர் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மவர்களில் சிலர் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி நாலைந்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு மினியேச்சர் குதிரையையும் வாங்கினீர்கள். அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேறு மாநிலங்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். குதிரை மட்டும் கொட்டகையில் இருக்கிறது. இந்தக் குதிரைகள் 25, 30 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். அதற்கு மேலும் வாழ்ந்தவை உண்டு. நாய், பூனை வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. வாங்கும்போது யாரும் குதிரையின் முதுமையை நினைத்துப் பார்ப்பதும் இல்லை.

அண்மையில் ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார். "டாக்டர், எங்க குதிரைக்கு வயசாயிடுச்சு. குஷிங் நோய்ன்னு சொல்லிட்டாங்க. காலும் முன்ன மாதிரி இல்ல. அதை நடக்க வைக்கலாமா, இல்ல சும்மா விட்டுடலாமா?" இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பதிலைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நடக்க வையுங்கள். ஆனால் அன்றைக்கு அதன் குளம்பு சம்மதித்தால் மட்டும், சம்மதிக்கிற அளவு மட்டும் நடக்க வையுங்கள். இதற்கு மேல் நான் சொல்வதெல்லாம் அந்தச் சம்மதத்தை எப்படிக் கேட்டறிவது என்பதைப் பற்றியது.

முதலில் இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது வந்த வழிக்கும் அதன் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகாத குதிரையைத்தான் தன் பதிவேட்டில் ஏற்றுக்கொள்கிறது. எடை 100 கிலோவை ஒட்டி இருக்கும். இதன் முன்னோர்களில் முக்கியமானது ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாண்ட் தீவுகளின் மட்டக்குதிரை. மரம் அதிகம் இல்லாத, காற்று ஓயாத, புல் குறைவான இடம் அது. கிடைத்த கொஞ்சத்தை வைத்துக் குளிர்காலம் முழுவதையும் கடக்கத் தெரிந்த உடம்புதான் அங்கே தழைத்தது. 1842இல் பிரிட்டனில் வந்த சட்டம் பெண்களும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று தடுத்தது. அதன் பிறகு தாழ்வான சுரங்கப் பாதைகளில் நிலக்கரித் தொட்டிகளை இழுக்க இந்தச் சிறு குதிரைகளுக்குத் தேவை பெருகியது. லண்டன்டெரி பிரபு தன் டர்ஹம் சுரங்கங்களுக்காகவே ஷெட்லாண்டில் பண்ணை வைத்துக் குள்ளமும் வலுவுமான குதிரைகளைப் பெருக்கினார். அந்த ரத்தம் கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் வந்தது.

ஆக, குறைவாகத் தின்று நிறைய உழைக்கவென்று உருவான உடம்பு இது. அதைக் கொண்டுவந்து ஒஹாயோவின் கொழுத்த வசந்தகாலப் புல்லில் விட்டுவிட்டு, வேலையே கொடுக்காமல், போதாததற்குக் கையில் ஆப்பிளும் பிஸ்கட்டும் நீட்டுகிறோம். சிறியதாக இருப்பதால் பொம்மையைக் கொஞ்சுவது போலவே கொஞ்சுகிறோம். அது பொம்மை அல்ல, முழுக் குதிரை. பெரிய குதிரைக்கு வருகிற அத்தனை நோயும் இதற்கும் வரும். சில நோய்கள் இதற்குத்தான் அதிகம் வரும்.

முதுமையில் வரும் நோய்களில் முதலாவது, அந்த அம்மா சொன்ன குஷிங். கால்நடை மருத்துவத்தில் இதைப் பிட்யூட்டரிச் சுரப்பியின் நடுப்பகுதிக் கோளாறு என்று சொல்கிறோம். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. மூளையிலிருந்து டோபமைன் வழியாக அந்தச் சுரப்பிக்குக் கடிவாளம் போடும் நரம்புகள் வயதோடு தேய்ந்துபோக, சுரப்பி கட்டுப்பாடில்லாமல் ஹார்மோன்களைக் கொட்டுகிறது. கோடை வந்தும் குளிர்கால மயிர் உதிராமல் சடையாகத் தொங்கும். முதுகுத் தசை வற்றி முதுகெலும்பு தெரியும், வயிறு மட்டும் தொங்கும். தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும். "வயசாயிடுச்சு, அதான் இப்படி" என்று வீட்டார் கடந்துபோகிற அடையாளங்கள் இவைதாம். பெர்கோலைடு என்ற மாத்திரை இதற்கு உண்டு. குதிரைகளுக்கென்று இங்கே 2011இல் அனுமதி பெற்றது. நோயைத் தீர்க்காது, அடக்கிவைக்கும். வாழ்நாள் முழுக்கத் தினமும் கொடுக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு குதிரைக்குச் சுறுசுறுப்பு திரும்புவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நடைக்கு அதுதான் நல்ல தொடக்கம்.

இரண்டாவது, இன்சுலின். இந்தக் குதிரைகளில் பலவற்றுக்குச் சர்க்கரையும் மாவும் உள்ள தீவனம் உள்ளே போனதும் ரத்தத்தில் இன்சுலின் அளவு மீறி ஏறும். மனிதர்களின் நீரிழிவு போல ரத்தச் சர்க்கரை ஏறிக் கிடப்பது இங்கே அவ்வளவு முக்கியம் அல்ல, இன்சுலின்தான் முக்கியம். அது குளம்பைக் கெடுக்கும். 2007இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயில்லாத மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றி, சர்க்கரையை மட்டும் இயல்பு அளவிலேயே வைத்திருந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றின் நான்கு கால்களிலும் லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் வந்துவிட்டது. அதுவரை குளம்பு நோய்க்குப் பல காரணங்களைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் துறைக்கு அது ஒரு பெரிய திருப்பம்.

லாமினைட்டிஸ் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். குதிரையின் குளம்பு ஒரு நகம். அந்த நகத்துக்குள்ளே காலின் கடைசி எலும்பு இருக்கிறது. எலும்பையும் நகத்தின் உட்சுவரையும் மெல்லிய மடிப்புத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பிணைத்திருக்கின்றன. பெரிய மடிப்புகள் மட்டும் ஒவ்வொரு குளம்பிலும் 500க்கு மேல். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள். குதிரையின் எடை முழுக்க இந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. லாமினைட்டிஸ் வந்தால் இந்தப் பிணைப்பு இளகுகிறது. அந்த நேரத்தில் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் அதை மேலும் பிய்க்கும். பிணைப்பு விட்டால் எலும்பு உள்ளே சுழலும், அல்லது கீழே இறங்கும். முற்றிய நிலையில் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டுகூட வெளியே வரும்.

எனவேதான் சொல்கிறேன்: லாமினைட்டிஸ் மூண்டிருக்கும்போது நடை கூடவே கூடாது. "கொஞ்சம் நடந்தா கால் விட்டுப்போகும்" என்று நினைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து நடத்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அப்போது குதிரைக்கு வேண்டியது ஆழமான மெத்தென்ற படுக்கை, குளம்புக்குக் குளிர்ச்சி, உள்ளங்குளம்புக்குத் தாங்கல், உடனடியாக மருத்துவர். மீண்டும் நடக்கத் தொடங்க வாரக்கணக்கு ஆகும், சிலவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். எக்ஸ்-ரே பார்த்து, வலிமருந்து இல்லாமலே அது வசதியாக நிற்கிறது, திரும்புகிறது என்று உறுதியான பிறகுதான் முதல் நடை.

வலிமருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பியூட் என்று சுருக்கிச் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் பல கொட்டகைகளில் இருக்கும். பசைமருந்துக் குழலில் வரும் அளவுக்கோடுகள் 500 கிலோ குதிரையை மனதில் வைத்துப் போட்டவை. 100 கிலோ குதிரைக்கு அதில் கண்ணளவாக அமுக்கினால் குடல் புண்ணாகிவிடும். அதைக் கொடுத்துவிட்டு நடத்துவது இன்னொரு ஆபத்து. வலி மறைந்ததும் குதிரை தாங்க முடியாத அளவுக்குக் காலை ஊன்றும். மருந்து கொடுத்த நாளின் நடையை வைத்து, "நல்லா இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, குளம்பு சம்மதிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு நாளும் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவரும் முன்பு, உட்கார்ந்து முன்காலைத் தொட்டுப் பாருங்கள். குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்புறம், இரண்டு பக்கமும், தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் ஓடுகிறது. இரண்டு விரல்களை மெதுவாக வைத்துக் காத்திருங்கள். நலமாக உள்ள குதிரையில் துடிப்பு மிக மெல்லியதாக இருக்கும், கண்டுபிடிப்பதே கடினம். தேடாமலே விரலில் இடித்தால் அது எச்சரிக்கை. பிறகு குளம்பின் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சூடு பாருங்கள். வெயிலில் நின்ற குளம்பு இயல்பாகவே சுடும் என்பதால் சூட்டைவிடத் துடிப்பை நம்புங்கள். தினமும் தொடுகிறவருக்குத்தான் ஒருநாள் மாறியது புரியும். எனவே மாறாத நாட்களிலும் தொட்டுப் பழகுங்கள்.

அடுத்து, நிற்கும் விதம். முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறதா? ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி எடையைப் போடுகிறதா? பிறகு பத்தடி நேராக நடத்தி, அகலமான அரைவட்டமாக இரு பக்கமும் திருப்புங்கள். நேரே நடக்கும்போது மறைந்திருந்த வலி திரும்பும்போது காட்டிக்கொடுக்கும். அடி குறுகும், முட்டையின் மேல் நடப்பது போல நடக்கும். முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் குதிரையிலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு நடை வேண்டாம். ஒருநாள் நடக்காததால் எந்தக் கேடும் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கும் நாளில் நடை என்ன செய்கிறது? தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவு அதிகம் இல்லாமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து நடக்கும் உடம்பில் இன்சுலினின் வேலையும் மேம்படும். மூட்டுக் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது அழுந்தி விரிந்துதான் அது மூட்டு நீரிலிருந்து ஊட்டம் வாங்கிக்கொள்கிறது. மூட்டுத் தேய்ந்த கிழக் குதிரை இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலையில் கட்டைபோல் விறைத்து நிற்கும், சற்று நடந்ததும் இளகும். இந்தச் சிறு குதிரைகளின் குடலில் சாணம் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்வது பெரிய குதிரைகளைவிட அதிகம். நடை குடலையும் அசைக்கிறது. தின்னும் தீவனம் தசையாக ஒட்டவும் நடைதான் வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஐரோப்பியக் குதிரை உள்மருத்துவ வல்லுநர்கள் 2019இல் வெளியிட்ட கருத்தறிக்கையில், லாமினைட்டிஸ் வந்து குணமாகிக் குளம்பு உறுதிப்பட்ட குதிரைகளுக்கு மென்மையான தரையில் அரை மணி நேரத்துக்கு மேல், வாரம் மூன்று முறைக்கு மேல் பயிற்சி என்று குறைந்தபட்ச அளவு சொல்லியிருக்கிறார்கள். அதில் அவர்கள் மனதில் வைத்திருக்கும் வேகம் துள்ளுநடையும் மெல்லோட்டமும். எடையைக் குறைக்க வேண்டிய, மூட்டு நன்றாக உள்ள நடுவயதுக் குதிரைக்கு அது பொருந்தும். மூட்டுத் தேய்ந்த, தசை வற்றிய 26 வயதுக் குதிரையை ஓட வைக்க அந்த அறிக்கையைச் சான்றாக எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அப்படிப்பட்ட குதிரைக்கு நான் சொல்லும் தொடக்கம் ஐந்து நிமிடம். சமதரை, மண் அல்லது மணல் பாதை, நேர்வழி. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. நீண்ட ஒரு நடையைவிடக் குறுகிய இரண்டு நடை மூட்டுக்கு நல்லது. ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். கால் மணி நேரம், இருபது நிமிடம் வரை வந்துவிட்டால் பல கிழக் குதிரைகளுக்கு அதுவே போதும். கூட்டலாமா வேண்டாமா என்பதை அன்றைய நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை அது எப்படிக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறது என்று பாருங்கள். முந்தைய காலையைவிட விறைப்பு கூடியிருந்தால் நேற்றைய நடை அதிகம்.

அந்தத் தொலைபேசி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காயடித்த ஆண் குதிரை, வெளுத்த செம்மஞ்சள் நிறம், கண்ணைச் சுற்றி நரை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தன் வழக்கமான வேகத்தில் முன்னால் நடந்தார். குதிரை பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு அரை ஓட்டமாக வந்தது. நான் அவரைக் குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். கயிறு தளர்ந்து தொங்கட்டும், அதன் முன்கால் எடுத்து வைக்கும்போது நீங்களும் ஒரு அடி வையுங்கள் என்றேன். முதல் சில அடிக்கு அவருக்குக் கால் தடுமாறியது. பிறகு இருவரும் ஒத்துப்போனார்கள். குதிரையின் தலை மெல்லத் தாழ்ந்தது, முதுகு தளர்ந்தது, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தை எட்டிப் பிடிக்கத் தொடங்கியது. பாதி வழியில் அது நின்று ஒரு வேலிக்கம்பத்தை முகர்ந்தது. அவர் கயிற்றைச் சுண்டப் பார்த்தார், வேண்டாம் என்றேன். கிழக் குதிரை நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். அது மூச்சு வாங்கட்டும், முகர்ந்து முடிக்கட்டும், தானே கிளம்பும்.

கயிற்றைச் சுண்டக் கூடாது என்பதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. இந்தக் குதிரைகளில் வயதானவற்றுக்கு மூச்சுக்குழல் தட்டையாகி ஒடுங்கும் நோய் வருகிறது. வெயிலிலோ பரபரப்பிலோ வாத்து கத்துவது போல் ஒரு சத்தத்தோடு மூச்சிழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நடையை அங்கேயே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய் மருத்துவரை அழையுங்கள். தலைக்கயிறு தொண்டையை அழுத்தாமல் இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

வட்டமாகக் கயிற்றில் விட்டுச் சுற்றுவது இங்கே எல்லாப் பண்ணையிலும் வழக்கம். உங்கள் கிழக் குதிரைக்கு அது வேண்டாம். சிறு வட்டத்தில் சுற்றும்போது உள்பக்கக் கால்களின் மூட்டும் குளம்பும் முறுக்கப்படுகின்றன. குழந்தைகளை ஏற்றுவதும் வேண்டாம். இளமையில் இருபது கிலோ குழந்தையைச் சுமந்திருக்கலாம். முதுகுத் தசை போன பிறகு அந்தச் சுமை எலும்பில் இறங்கும்.

நடை பழகியதும் இரண்டு சிறு பயிற்சிகளைச் சேர்க்கலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைத் தரையில் குறுக்கே மூன்று நான்கு இடத்தில் போட்டு, குதிரையின் அடி இடைவெளிக்கு ஏற்ப அமைத்து, மெதுவாகத் தாண்டி நடக்கவிடுங்கள். மரக்கட்டை போல உருளாது, இடறினாலும் காயம் வராது. குதிரை பார்த்துப் பார்த்துக் காலைத் தூக்கும்போது வயிற்றுத் தசையும் தொடைத் தசையும் வேலை செய்யும். இந்தக் குதிரைகளுக்குப் பின்கால் முட்டிச்சில்லு இடம் மாறிப் பூட்டிக்கொள்ளும் குறை அதிகம். கால் பின்னால் நீண்டபடியே சில நொடி மாட்டிக்கொள்ளும். லேசான பூட்டலாக இருந்தால், சற்றே மேடான பாதையில் மெல்ல ஏறுவதும் நாலடி பின்னோக்கி நடப்பதும் தொடைத் தசைக்கு வலுவூட்டி அதைக் குறைக்கும். கொட்டகையில் அடைத்து வைத்தால் அது கூடும்.

மற்றொன்று கழுத்தை வளைத்து நீட்டுவது. உணவைக் காட்டி, தலையை மார்புக்கு, விலாவுக்கு, முன்கால் கணுவுக்குக் கொண்டுவரச் செய்வது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரம் ஐந்து நாளாக மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளின் முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை அளவில் பெரிதாகியிருந்தது. நடக்க முடியாத நாட்களிலும் நின்ற இடத்திலேயே செய்யலாம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். நீங்கள் தரையில் மண்டியிட வேண்டியிருக்கும். இழுத்துப் பிடிக்காமல், அது எட்டுகிற தூரத்தோடு விட்டுவிடுங்கள். கொள்ளு என்றால் வாய் திறக்கும் என்பது இந்தக் குதிரைக்கும் பொருந்தும், ஆனால் இன்சுலின் கோளாறு உள்ளதற்குக் கொள்ளும் வேண்டாம், கேரட்டும் வேண்டாம். ஊறவைத்த உலர்புல் வில்லைகள் போதும், அவற்றையும் அன்றைய தீவனக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைக் கவனியுங்கள். குஷிங் உள்ள குதிரை ஜூலையிலும் சடைமயிரோடு நிற்கும். மயிரைக் கத்தரித்துவிட்டு, அதிகாலையில் நடத்துங்கள். ஜனவரியில் சேற்றுத் தடங்கள் அப்படியே கல்லாக உறைந்திருக்கும். மெல்லிய உள்ளங்குளம்பு உள்ள குதிரைக்கு அது கூர்ங்கற்கள் மேல் நடக்கிற வேதனை. சிறு அளவுக் குளம்புக் காலணிகள் கிடைக்கின்றன, மெத்தை வைத்துப் போட்டுவிடுங்கள். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறியதும் புல்லில் சர்க்கரை தேங்கும். நடை முடிந்ததற்குப் பரிசு என்று அப்போது மேயவிடாதீர்கள்.

கயிற்றைப் பிடித்து நடத்தும் இருபது நிமிடம் போக மீதி நேரத்தில் அது என்ன செய்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஜேமி ஜாக்சன் என்ற குளம்புத் தொழிலாளர் 2006இல் எழுதிய புத்தகத்தில், சதுர மேய்ச்சல் நிலத்துக்குப் பதில் வேலியை ஒட்டி ஒரு குறுகிய சுற்றுப்பாதை அமைக்கும் யோசனையைச் சொன்னார். ஒரு முனையில் தண்ணீர், இன்னொரு முனையில் நிழல், இடையிடையே சிறு கண்ணி வலைகளில் உலர்புல். குதிரை தானே நாள் முழுக்கச் சிறுகச் சிறுக நடக்கும். நாலு ஏக்கர் வேண்டாம், கால் ஏக்கரிலும் செய்யலாம். கூடவே ஒரு துணை இருக்க வேண்டும். தனியாக நிற்கும் குதிரை நடக்காது, தூங்காது.

தூக்கத்தைச் சொன்னேன். குதிரை நின்றே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலித்தால் எழுந்திருக்க முடியாதோ என்று பயந்து படுக்காது. காலையில் முதுகிலும் வாலிலும் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். முன்கால் கணுவின் முன்புறத்தில் தேய்ந்த புண் இருந்தால், தூக்கம் தாங்காமல் நின்றபடி சரிந்து மண்டியிடுகிறது என்று பொருள். அந்தக் குதிரைக்குப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஆழமான படுக்கையும் வலிக்கு வைத்தியமும் வேண்டும்.

தீவனத்தைப் பற்றி நீளமாகப் பேச இன்று நேரமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எடையைக் குறைக்கிறேன் என்று இதைப் பட்டினி போடக் கூடாது. பட்டினியோ பெரிய கவலையோ வந்தால் இந்தக் குதிரைகளின் உடல் கொழுப்பை அளவில்லாமல் ரத்தத்தில் இறக்கும், ஈரல் கொழுத்து உயிரே போகும். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கழுவிக் கொடுங்கள், பல்லைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளை தின்னவில்லை என்றால் அன்றைய நடையை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். தேதி, துடிப்பு, எத்தனை நிமிடம், மறுநாள் காலை எப்படி, படுத்ததா இல்லையா. ஒரு வரி போதும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்த வருகிறவருக்கும் அதைக் காட்டுங்கள், அவர் குளம்பில் பார்ப்பதை அதில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரும் அவரும் ஒரே நாளில் வந்து, எக்ஸ்-ரே படத்தை நடுவில் வைத்துப் பேசும்படி செய்யுங்கள். உங்கள் குதிரைக்கு எவ்வளவு நடை என்பதை அவர்கள் இருவரும் உங்கள் நோட்டும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

அந்த நோட்டு இன்னொன்றையும் சொல்லும். ஒரு காலத்தில் நிமிடங்கள் ஏறாது. பிறகு குறையத் தொடங்கும். கூடுதல் மருந்து, காலணி, படுக்கை எல்லாம் செய்து பார்த்தும் வாரக்கணக்கில் துடிப்பு அடங்காமல், படுக்காமல், வாசல் வரைகூட வர விரும்பாமல் நின்றால், அதை வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. அந்தப் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். தயங்கித் தயங்கி, பனியில் தரை உறைந்த ஒரு நடுராத்திரியில், குதிரை எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது என்னை அழைத்த வீடுகள் உண்டு. அந்த இரவை உங்கள் குதிரைக்கும் உங்களுக்கும் நான் விரும்பவில்லை. இலையுதிர் காலத்திலேயே நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

குளம்புத் துடிப்பு பார்ப்பது எப்படி என்று காட்டச் சொல்லிச் சிலர் முன்பே கேட்டிருந்தீர்கள். வெளியே வண்டியில் ஒரு குதிரை வந்திருக்கிறது, சாதுவானது. ஒவ்வொருவராக வாருங்கள், விரலை வைத்துப் பார்க்கலாம்.